1480 போதுமா? அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை எப்படிப் பார்ப்பது

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடு வரும். "அண்ணா, பையன் எஸ்.ஏ.டி.யில 1480 வாங்கியிருக்கான். போதுமா?" எஸ்.ஏ.டி. என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் பொதுத் தேர்வு, மொத்தம் 1600. கேட்பவர் சில சமயம் டல்லாஸில் இருப்பார், சில சமயம் கோயம்புத்தூரில் இருப்பார். இரண்டு பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். மூத்தவள் விண்ணப்பித்த வருடம் நானும் இதே கேள்வியைத்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டேன். யாரும் சரியான பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பள்ளியிலிருந்து, எந்தப் படிப்புக்கு என்று தெரியாமல் 1480 போதுமா போதாதா என்பதற்குப் பதிலே இல்லை. இந்த வேலையில் புதிதாக இறங்கும் குடும்பங்களுக்காக, மதிப்பெண்ணை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கட்-ஆஃப் எண்ணத்தை இறக்கி வையுங்கள்

நாம் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. 198 வாங்கியவர் 197 வாங்கியவருக்கு முன்னால் நிற்பார். அமெரிக்காவில் போட்டி மிகுந்த கல்லூரிகளில் அப்படி ஒரு வரிசையே கிடையாது.

ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்த வழக்கில் வெளிவந்த ஒரு கணக்கைச் சொன்னால் இது புரியும். 2015-இல் சேர்ந்த வகுப்புக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் சுமார் 3,500 பேர் எஸ்.ஏ.டி. கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பள்ளி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. முழுமையாக இருந்தது. வெளிநாட்டவரையும் சேர்த்து அந்த ஆண்டு இடம் கிடைத்தது சுமார் 2,000 பேருக்கு. ஜி.பி.ஏ. முழுமையாக இருந்தவர்களை மட்டும் வைத்தே அத்தனை இடங்களையும் நான்கு முறை நிரப்பியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

அப்படியானால் மதிப்பெண் எதற்கு? விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு முதலில் ஒரு சந்தேகம் தீர வேண்டும்: இந்தப் பிள்ளை நம் வகுப்புகளில் தாக்குப்பிடிக்குமா? பள்ளியில் எடுத்த பாடங்களும் வாங்கிய கிரேடுகளும் பெரும்பகுதி பதில் சொல்கின்றன. தேர்வு மதிப்பெண் அதை உறுதிப்படுத்துகிறது, அல்லது கேள்விக்குள்ளாக்குகிறது. சந்தேகம் தீர்ந்தபிறகு 1540-க்கும் 1570-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் யார் மனதையும் பெரிதாக மாற்றாது. கட்டுரைகள், ஆசிரியர் கடிதங்கள், பள்ளிக்கு வெளியே செய்த வேலைகள் என்று கோப்பு வேறு திசையில் நகர்ந்துவிடும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆப்பர்ச்சூனிட்டி இன்சைட்ஸ் ஆய்வுக் குழுவின் பொருளாதார அறிஞர்கள் 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளையும் அவற்றுக்கு நிகரான சில கல்லூரிகளையும் எடுத்துக்கொண்டால், 1600 வாங்கிச் சேர்ந்தவர்களின் முதலாண்டு ஜி.பி.ஏ. 1200 வாங்கிச் சேர்ந்தவர்களுடையதைவிட 0.43 அதிகம் என்று அதில் கண்டார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமும் அதே ஆண்டு தன் மாணவர்களை ஆராய்ந்தது. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைக் காட்டியவர்கள், பின்னணிக் காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தபிறகும், காட்டாதவர்களைவிட முதல் பருவத்தில் 0.86 அதிக ஜி.பி.ஏ. வாங்கியிருந்தார்கள். நாலுக்குக் கணக்கிடும் அளவில் இது பெரிய இடைவெளி. பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வைக் கைவிட்ட பல கல்லூரிகள் மீண்டும் அதற்குத் திரும்பியதற்கு இத்தகைய கணக்குகள்தாம் காரணம்.

கல்லூரிப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

பிள்ளை விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேர்வு பற்றிய கொள்கையைக் குறியுங்கள். மூன்று வகைதான்.

ஒன்று, மதிப்பெண் கட்டாயம். எம்.ஐ.டி. 2022 மார்ச்சிலேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், ஸ்டான்போர்டு, ஆஸ்டின் வளாகம் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. 2025 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சேர்ந்துகொண்டது. யேல் அறிவித்த முறை கொஞ்சம் வேறு: எஸ்.ஏ.டி., அதற்கு மாற்றாக எழுதும் ஏ.சி.டி. ஆகியவற்றுக்குப் பதிலாக, பள்ளியிலேயே எடுக்கும் உயர்நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. அல்லது ஐ.பி. தேர்வு மதிப்பெண்களைக் கொடுக்கவும் அது இடம் தந்தது. ஜார்ஜியா டெக்கும் ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்களும் கட்டாயம் கேட்பவை.

இரண்டாவது வகைக்கு டெஸ்ட் ஆப்ஷனல் என்று பெயர். விரும்பினால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். போடோயின் கல்லூரி 1969-இலிருந்தே இப்படித்தான். சிகாகோ பல்கலைக்கழகம் 2018-இல் இதற்கு மாறியது. கொலம்பியா 2023-இல் இதை நிரந்தரமாக்கியது.

மூன்றாவது டெஸ்ட் பிளைண்ட். கொடுத்தாலும் பார்க்க மாட்டார்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ உள்ளிட்ட கலிபோர்னியா பல்கலைக்கழக (யூ.சி.) வளாகங்களும், கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களும் இந்த வகை. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்காமல் விடுவதுண்டு. பட்டியலில் முக்கால்வாசி யூ.சி. வளாகங்களாக இருந்தால், எஸ்.ஏ.டி. வகுப்புக்குக் கொட்டும் பணத்தையும் வார இறுதிகளையும் பள்ளிப் பாடங்களுக்கும் யூ.சி. கேட்கும் நான்கு குறுங்கட்டுரைகளுக்கும் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

கொள்கைகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. உறவினர் சொன்னது, போன வருடம் படித்தது எதையும் நம்ப வேண்டாம். பிள்ளை விண்ணப்பிக்கும் அதே ஆண்டுக்கான பக்கத்தைக் கல்லூரியின் தளத்திலேயே பாருங்கள்.

காமன் டேட்டா செட்டைத் திறந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை காமன் டேட்டா செட் என்ற பெயரில் ஒரே வடிவத்தில் ஓர் ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி என்ற பகுதிக்குப் போங்கள்.

சி7 என்ற அட்டவணையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று கல்லூரியே நான்கு தரமாகப் பிரித்துச் சொல்லியிருக்கும்: மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்வோம், கருத்தில் கொள்வதில்லை. பாடங்களின் கடினம், ஜி.பி.ஏ., தேர்வு மதிப்பெண், கட்டுரை, முன்னாள் மாணவரின் பிள்ளையா என்பது எல்லாம் அதில் வரும்.

சி9-இல்தான் எண்கள். சேர்ந்தவர்களில் கீழிருந்து 25 விழுக்காட்டு இடத்தில் உள்ளவரின் மதிப்பெண், நடுவில் உள்ளவரின் மதிப்பெண், 75 விழுக்காட்டு இடத்தில் உள்ளவரின் மதிப்பெண் மூன்றும் இருக்கும். ஹார்வர்டில் அண்மை ஆண்டுகளில் இந்த வீச்சு ஏறத்தாழ 1500 முதல் 1580 வரை. எம்.ஐ.டி.யில் கணிதப் பகுதியில் மட்டும் பார்த்தால் கீழ் எல்லையே 780-ஐ ஒட்டி நிற்கிறது. அதாவது அங்கே சேர்ந்த நான்கு பேரில் மூன்று பேர் கணிதத்தில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கியவர்கள். பொறியியல், கணினி அறிவியல் என்று போகிறவர்கள் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் கணிதப் பகுதியைத் தனியாக ஒப்பிட வேண்டும் என்பது இதனால்தான்.

எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிகளில், மதிப்பெண் அதிகமாக உள்ளவர்களே அதைக் கொடுக்கிறார்கள். அதனால் அங்கே காணும் வீச்சு, வகுப்பின் உண்மையான வீச்சைவிட உயரமாகத் தெரியும். எத்தனை விழுக்காடு பேர் கொடுத்தார்கள் என்பதும் அதே சி9-இல் இருக்கிறது. 40 விழுக்காடு பேர்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால், மீதி 60 விழுக்காடு பேர் இந்த எண்ணே இல்லாமல் உள்ளே போயிருக்கிறார்கள்.

அடுத்தது, கீழ்க் கால்வாசியில் இருப்பவர்கள் யார் என்பது. விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், வசதி குறைந்த பள்ளிகளில் முளைத்து வந்தவர்கள் என்று அதில் பலவகைப்பட்டவர்கள் இருப்பார்கள். வசதியான புறநகர்ப் பள்ளியில் படித்து, தனித்த பின்னணி எதுவும் இல்லாமல் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, 25 விழுக்காட்டு எண்ணைப் பார்த்து "நமக்கும் நடக்கும்" என்று தைரியம் கொள்ளக் கூடாது. அவர்கள் நடு எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு. கேட்கக் கசப்பாக இருக்கும். ஏப்ரலில் அழுவதைவிட அக்டோபரில் தெரிந்துகொள்வது மேல்.

மதிப்பெண்ணைப் பள்ளியோடு சேர்த்துப் பாருங்கள்

விண்ணப்பத்தோடு பள்ளியின் ஆலோசகர் ஓர் அறிமுகத் தாளையும் அனுப்புவார். அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு, மாணவர்களின் சராசரி மதிப்பெண் என்ன, எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதிகாரி உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறார்.

இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் 1420. ஒருத்தி நியூ ஜெர்சியில் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் படிக்கிறாள். அங்கே சராசரியே 1350. இன்னொருத்தி டெக்சஸின் சிறு ஊர் ஒன்றில், சராசரி 1000-ஐத் தாண்டாத பள்ளியில் படிக்கிறாள். முதல் பிள்ளையின் 1420 அவளைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் பிள்ளையின் 1420, அந்தப் பள்ளி தரக்கூடியதற்கு வெகு மேலே ஏறி வந்திருக்கிறாள் என்று உரக்கச் சொல்கிறது. நாடு முழுவதும் 2024-இல் பள்ளி முடித்துத் தேர்வு எழுதிய ஏறத்தாழ 20 லட்சம் பேரின் சராசரி 1024 என்பதை நினைத்துப் பாருங்கள். 1420 என்பது எவ்வளவு பெரிய எண் என்று அப்போது தெரியும்.

டார்ட்மத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்ததற்கு இதுதான் மையக் காரணம். அந்தக் கல்லூரியின் பேராசிரியர்கள் தங்கள் சொந்தத் தரவுகளைப் பார்த்தபோது மனதை உறுத்தும் ஒன்றைக் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் 1400-ஐ ஒட்டிய மதிப்பெண்ணை, குறைவு என்று பயந்து, மறைத்துவிட்டார்கள். கொடுத்திருந்தால் அதுவே அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும். சொல்லித்தர ஆள் இல்லாததால் நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டத்தைத் தோற்றிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதைப் படித்த வருத்தத்தில்தான்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் இருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட நாட்டின் முதல் ஒரு விழுக்காட்டுப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் ஐவி லீக்கிலும் அதற்கு நிகரான கல்லூரிகளிலும் படிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். முன்னாள் மாணவர் சலுகை, விளையாட்டு ஒதுக்கீடு, பாடத்துக்கு வெளியே உள்ள தகுதிகளுக்குத் தரும் புள்ளிகள் ஆகியவை முக்கியக் காரணங்கள். மதிப்பெண் சமமாக இருந்தாலும் களம் சமமாக இல்லை. உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனால், அதை அவன் திறமையின் தீர்ப்பாக வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

கொடுப்பதா, விடுவதா?

டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிகளுக்கு மட்டும் இந்தக் கேள்வி. நான் வைத்திருக்கும் கணக்கு இது. மதிப்பெண் நடு எண்ணிலோ அதற்கு மேலோ இருந்தால் யோசிக்காமல் கொடுங்கள். 25 விழுக்காட்டு எண்ணுக்கும் நடு எண்ணுக்கும் இடையில் இருந்தால், பள்ளிச் சராசரியைப் பாருங்கள். அதைவிடத் தெளிவாக மேலே இருந்தால் கொடுங்கள். 25-க்குக் கீழே இருந்தால், பள்ளிச் சராசரியைவிட 200, 300 புள்ளி மேலே இருந்தால் மட்டும் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். ஒரே பிள்ளை ஒரு கல்லூரிக்குக் கொடுத்து, இன்னொன்றுக்குக் கொடுக்காமல் விடலாம். அதில் தவறில்லை.

மதிப்பெண் கட்டாயமான கல்லூரி, உங்கள் எண் 25-க்கும் வெகு கீழே என்றால், அந்த விண்ணப்பத்தைப் பட்டியலில் வைப்பதா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று கட்டுரைகளின் உழைப்பு இருக்கிறது.

எந்தத் தேர்வு, எப்போது?

எஸ்.ஏ.டி. இப்போது முழுக்கக் கணினியில்தான். வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலிருந்தும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்தும் இப்படி. நேரம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பு-எழுத்துப் பகுதிக்கு 800, கணிதத்துக்கு 800. ஒவ்வொரு பகுதியும் இரண்டு பாகம். முதல் பாகத்தில் எப்படிச் செய்கிறார்களோ அதற்கேற்ப இரண்டாம் பாகம் கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதான பாகம் வந்தால் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. அதனால் முதல் பாகத்தில் கவனக்குறைவாகச் செய்யும் பிழைகள் வலிக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.

ஏ.சி.டி. 36-க்கு. 2025-இல் அது சுருக்கப்பட்டு, அறிவியல் பகுதி விருப்பத் தேர்வானது. கல்லூரிகளுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் ஒரு மாதிரித் தேர்வை வீட்டில் எழுதிப் பார்த்து, எது கைவருகிறதோ அதிலேயே நில்லுங்கள்.

11-ஆம் வகுப்பின் மார்ச் அல்லது மே மாதத்தில் முதல் முறை எழுதி, ஆகஸ்டில் இரண்டாம் முறை எழுதுவது பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அக்டோபர் இருக்கிறது. பயிற்சிக்கு கான் அகாடமி இணையதளமும், எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் உள்ள முழு மாதிரித் தேர்வுகளும் இலவசம். தேர்வும் அதே செயலியில்தான் நடக்கும்.

பல கல்லூரிகள் வெவ்வேறு நாட்களில் எழுதியவற்றிலிருந்து ஒவ்வொரு பகுதியின் சிறந்த மதிப்பெண்ணையும் எடுத்துக் கூட்டிக்கொள்ளும். சூப்பர்ஸ்கோர் என்பார்கள். மார்ச்சில் கணிதம் 780, ஆகஸ்டில் வாசிப்பு 740 என்றால் அவர்களுக்கு 1520. ஆனால் ஜார்ஜ்டவுன் மாதிரி, எழுதிய எல்லாத் தேர்வுகளையும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று நான்கு ஐந்து முறை போவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

எங்கே நிறுத்துவது?

மூத்தவள் ஆகஸ்டில் 1540 வாங்கினாள். அவள் போய்க்கொண்டிருந்த பயிற்சி நிலையத்தில் "இன்னும் 30 புள்ளி எளிதாக ஏற்றிவிடலாம்" என்றார்கள். நானும் ஆசைப்பட்டேன். அந்த இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகள் முழுக்க அதற்கே போயின. அக்டோபரில் வந்தது 1530. அதற்குள் முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கான நவம்பர் 1 கெடு நெருங்கி, அவள் மனதுக்கு மிகவும் பிடித்த கல்லூரியின் கட்டுரையைக் கடைசி இரண்டு இரவுகளில் எழுதி அனுப்பினாள். அது அவளுடைய நல்ல எழுத்து அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

1500-க்கு மேலே போனாலே தேர்வு எழுதுபவர்களில் முதல் 2 விழுக்காடு. மதிப்பெண் அறிக்கையிலேயே, மறுபடி எழுதினால் எந்த வீச்சுக்குள் வரலாம் என்று போட்டிருப்பார்கள். 10, 20 புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அந்த வீச்சுக்குள் அடங்கிவிடும். ஆகவே பட்டியலில் உள்ள கல்லூரிகளின் நடு எண்ணைத் தொட்டுவிட்டால் நிறுத்திவிடுங்கள். கணிதம் மட்டும் தனியாகப் பின்தங்கி, படிப்பு பொறியியல் என்றால் மட்டும் இன்னொரு முறை.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

உங்களுக்கு மதிப்பெண்ணின் எடை கொஞ்சம் கூடும். உங்கள் பள்ளியைப் பற்றி அந்த அதிகாரி கேள்விப்பட்டிருக்க மாட்டார். மாநிலப் பாடத்திட்டத்தில் 560 என்றால் என்ன என்று அவருக்கு உடனே பிடிபடாமல் போகலாம். எஸ்.ஏ.டி. எண் அவருக்குத் தெரிந்த அளவுகோல். அதனால் டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிக்கும் நல்ல மதிப்பெண் இருந்தால் கொடுங்கள். 9-ஆம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். பொதுத்தேர்வு இல்லாத வருடம் என்று விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்துக்கு டோஃபல், ஐஇஎல்டிஎஸ் போன்ற ஒன்று தனியாகத் தேவைப்படலாம், எஸ்.ஏ.டி. எழுதியதாலேயே அது போய்விடாது.

பண உதவி வேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. எம்.ஐ.டி., ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில கல்லூரிகள்தாம் வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. மற்ற பல இடங்களில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும், அங்கே இன்னும் வலுவான மதிப்பெண் வேண்டும்.

அனுப்பும் வேலை

பெரும்பாலான கல்லூரிகளில் விண்ணப்பிக்கும்போது மதிப்பெண்ணை நீங்களே தட்டச்சு செய்து கொடுத்தால் போதும். காலேஜ் போர்டிலிருந்து அதிகாரப்பூர்வமாக அனுப்ப ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டணம் உண்டு. இடம் கிடைத்துச் சேரும்போது ஒரே ஒரு கல்லூரிக்கு அனுப்பினால் முடிந்தது. முதலிலேயே அதிகாரப்பூர்வ அறிக்கை கேட்கும் கல்லூரிகள் எவை என்று பட்டியலில் குறித்துக்கொண்டு, கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். தட்டச்சு செய்த எண்ணையும் அறிக்கையையும் வீட்டில் இரண்டு பேர் ஒப்பிட்டுப் பாருங்கள். 1450-ஐ 1540 என்று மாற்றிப் போட்டுவிட்டால், கை தவறியதுதான் என்றாலும், கிடைத்த இடத்தையே ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது.